கரைந்துவிட்டதாம்!

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ரத்தக்கட்டிக்கு மருந்து" என்று எந்த டாக்டர் ஆரம்பித்தாலும், "கரைக்கிற மருந்தா, வளராமல் நிறுத்துகிற மருந்தா?" என்று கேட்காமல் விடமாட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடை தூக்கியவள். இந்த வித்தியாசம் எனக்கு என் தங்கச்சியின் காலால் தெரிந்தது.

கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியும் எங்களுக்கு வெள்ளைக்காரத் துரைதான். பிள்ளை பெற்ற லீவு முடிந்து தங்கச்சி கொழுந்து பறிக்க மலைக்குப் போன முதல் வாரமே அவளுடைய இடது கால் தொடைவரை வீங்கிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த சிங்கள டாக்டர் நன்றாகத் தமிழ் பேசுவார். நல்ல மனிதர், என்னை நிற்கவைத்து விளக்கமாகச் சொன்னார்.

"நரம்புக்குள்ள ரத்தம் கட்டியாயிருச்சு. நான் போடுற ஊசி அந்தக் கட்டிய வளரவிடாது, அவ்வளவுதான். கரைக்காது. கரைக்கிற மருந்து வெளிநாட்டுல இருக்காம், இங்க இல்ல. உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைக்கணும். அதுவரைக்கும் நடக்கக் கூடாது. கட்டி உடைஞ்சு நெஞ்சுக்குப் போனா உயிர் போயிரும்."

பதினைந்து நாள் வைத்திருந்து, இன்னும் மூன்று வாரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்று இங்கிலீசில் கடிதம் எழுதி அனுப்பினார். அதை எங்கள் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவரிடம் கொடுத்தேன். அவரைத்தான் நாங்கள் டாக்டரையா என்போம். அவர் லீவுத் துண்டு எழுதித் தந்தால்தான் வேலைக்கு வராதவர்களின் பேர் தோட்டத்துப் புத்தகத்தில் வெட்டுப்படாமல் தப்பும்.

கடிதத்தை மேலாகப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "ரத்தக்கட்டிக்கு ஊசி போட்டாச்சுன்னு எழுதியிருக்கு. கரைஞ்சிருச்சு. அப்புறம் எதுக்குப் படுக்கை?"

"இல்லீங்க டாக்டரையா, அந்த ஊசி கரைக்காதாம்ங்க. டாக்டரே சொன்னாருங்க."

"நீ எனக்குப் பாடம் எடுக்குறியா? நாளைக்குப் பெரட்டுக்கு வரலேன்னா பேர வெட்டிருவாங்க."

பெரட்டு என்றால் விடிகாலையில் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். பேர் போனால் அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். கைக்குழந்தையோடு எங்கே போவாள்? நான் திரும்பி வந்து சொன்னதும் தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "நடந்துபோயிர்றேன் அக்கா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையே அடித்திருப்பேன்.

"நீ நடக்க வேணாம்டி. பெரட்டுக்கு வரணும், அவ்வளவுதானே? வர்றோம்!" என்றேன்.

மறுநாள் பக்கத்துக் காம்பராப் பெண்கள் மூன்று பேரும் நானும் அவளைக் கம்பளியில் கிடத்தி, நாலு முனையையும் பிடித்துத் தூக்கினோம். கால் ஆடக் கூடாதே என்று அடிமேல் அடிவைத்து இறங்கினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெரட்டு முடியும் நேரம் வந்துவிட்டது. துரையின் காலடியிலேயே அவளை இறக்கினேன்.

பேர் பதிகிற கணக்கப்பிள்ளை, "என்னம்மா கூத்து இது?" என்று பாய்ந்தார். டாக்டரையா அங்கேதான் நின்றார். துரையிடம், "கரைஞ்சிருச்சு, வேலைக்கு வராம நடிக்கிறாங்க" என்றார்.

நடிக்கிறாளாம்! கம்பளியை விலக்கி அவள் காலில் விரலை அழுத்தினேன். குழி விழுந்தது. எழும்பவேயில்லை.

"இதுவாங்க கரைஞ்சது? தொரைங்களே, அந்தக் கடுதாசிய நீங்களே படிச்சுப் பாருங்க!"

துரை என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். டாக்டரையாவைப் பார்த்து இங்கிலீசில் என்னவோ உறுமினார். டாக்டரையா அங்கேயே நின்றபடி மூன்று வாரத்துக்குத் துண்டு எழுதினார்.

துண்டை நான் முந்தானையில் முடிந்துகொண்டிருக்கும்போதே கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடினார்.

"தூக்கிட்டு வந்த நாலு பேரும் லேட்டு. இன்னைக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போங்க."

அப்படியே எங்களை விரட்டினார்கள். நாங்கள் நாலு முனையையும் பிடித்துத் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு திரும்ப மலை ஏறினோம்.