குதிகால் உள்ளே போன சுவர்

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். நாள் முழுக்கக் குனிந்தே வேலை. ஐம்பது தாண்டியதும் முதுகு முரண்டு பிடித்தது. டாக்டர் காலையில் கொஞ்சம் நடக்கத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு எதிலும் அரைகுறை பிடிக்காது. தலைகீழாகவே நின்றுவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, ஹாலில் சுவரோரம் தலையணையைப் போட்டுத் தலையை ஊன்றிக் காலை வீசினாள். முதல் தடவை சரிந்தாள். இரண்டாம் தடவையும் சரிந்தாள். மூன்றாம் தடவை வீசிய வேகத்தில் குதிகால் சுவருக்குள்ளேயே போய்விட்டது. செங்கல் சுவரா என்ன, தகரச் சட்டத்தில் ஜிப்சம் போர்டை அறைந்த தடுப்புதானே.

பள்ளி பஸ் ஓட்டும் அவள் கணவர் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். மனைவி தலைகீழாக நிற்கிறாள், ஒரு கால் சுவருக்குள் இருக்கிறது.

"வலிக்குதா?"

"இல்லைங்க. ஆனா நின்னுட்டேன், பாத்தீங்களா?"

அவர் காலை உருவி எடுத்தார். சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை.

"ஒரு காலண்டரை மாட்டிட்டா தீர்ந்தது" என்றார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற ஆளு நீங்க."

சத்தம் கேட்டு மாடி வீட்டிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். சோபா கடையில் விற்பனை பார்ப்பவள். புதுசு என்றால் அவளுக்கு உயிர். "அண்ணி, ஒட்டுப் போட்டா அசிங்கமா இருக்கும். மொத்தச் சுவரையும் பேத்துட்டுப் புதுசா போட்டுடுங்க."

"ஒரு ஓட்டைக்கு மொத்தச் சுவரா? எலியைப் பிடிக்க மலையைக் கெல்லச் சொல்றா" என்றார் அண்ணன்.

அண்ணனும் தங்கையும் மல்லுக்கு நிற்க, அவள் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஓட்டையைச் சுற்றி 'டக் டக்' என்று கெட்டியாக இருந்தது. கீழே போகப் போக ஓசை செத்தது. தரையோரம் கட்டைவிரலால் அமுக்கினாள். நனைந்த ரொட்டி மாதிரி விரல் உள்ளே போனது.

டார்ச்சை எடுத்துவந்து ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அதன் குழாய் மூட்டில் ஒரு சொட்டு திரண்டு, நிதானமாக விழுந்தது.

"இங்க வந்து பாருங்க. ஈர நாத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு."

கணவர் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக மனைவியைப் பார்த்தார். "அப்போ என் ஷூ இல்லை."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நாற்றத்துக்காக அவர் ஷூ ஒரு மாதமாகப் பால்கனியில் வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டிருந்தது.

"தப்பு என் மேலதான். இன்னைக்கே உள்ள வரட்டும்" என்றாள் அவள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

அதற்கப்புறம் எதைச் செய்வது என்பதில் குழப்பமே இல்லை. முழங்கால் உயரம் வரை போர்டு ஊறி உப்பிவிட்டது; அதை எத்தனை பூசினாலும் நிற்காது, வெட்டி எடுத்துப் புதுசு போட வேண்டும். மேலே ஓட்டையைச் சுற்றி நன்றாகக் காய்ந்திருக்கிறது. அதற்கு ஒட்டு போதும். அண்ணன் சொன்னதும் பாதி சரி, தங்கை சொன்னதும் பாதி சரி. இரண்டு பேருமே தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

பிளம்பர் வந்து குழாய் மூட்டை மாற்றினார். உள்ளே ஈரம் காய ஒரு வாரம் விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பழைய துணி உடுத்தி வேலையில் இறங்கினார்கள். கணவர் போர்டை அளந்து வெட்டினார். அவள் ஓட்டையைச் சதுரமாக்கி, பின்னால் ஒரு மரத்துண்டைக் கொடுத்துத் அதில் போர்டுத் துண்டைத் திருகாணியால் முடுக்கினாள். இணைப்புகளில் டேப் ஒட்டிப் பட்டி பூசும்போதுதான் தெரிந்தது, நாத்தனாருக்கு என்ன கை! ஒரே இழுப்பில் வெண்ணெய் தடவியது போல வழித்துவிட்டாள்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா நீ சோபா விக்கிற?" என்றாள் அவள்.

"எனக்கே இப்பதான் தெரியுது அண்ணி."

பட்டி காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க, பறந்த வெள்ளைத் தூசியில் மூன்று பேர் தலையும் நரைத்துப்போனது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததில் பாதி வேலை நின்றது. பெயின்ட் அடித்து முடித்தபோது ஜன்னல் வழியாக மாலை வெயில் சுவர் முழுக்க விழுந்திருந்தது.

"எந்த இடத்துல ஒட்டினோம்?" என்றார் கணவர்.

மூன்று பேரும் மூன்று இடத்தைக் காட்டினார்கள்.