மூன்று துண்டுத் தூக்கம்

பிறந்து வளர்ந்த முல்லைத் தோட்டத்தில் நான் பூவைப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். பார்த்ததெல்லாம் மொக்குதான். விடியுமுன் பறித்து, ஈரத்துணி போட்டு மூடி, கிழக்கு வெளுப்பதற்குள் குமணன்சாவடி முனையில் நிற்கும் பூவண்டியில் ஏற்றிவிட வேண்டும். அது பட்டணத்தில் யாரோ ஒருத்தியின் தலையில் சாயங்காலம் மலரும். செடியிலேயே மலர்ந்தால் தோட்டக்காரன் தூங்கிவிட்டான் என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

தூக்கம் எங்கள் வீட்டில் எப்போதுமே சண்டைக்குரிய விஷயம். யுத்தம் வந்து அதை இன்னும் பெரிதாக்கியது. ஆவடியில் ராணுவ டிப்போ ஒன்று எழும்பியது. அதில் லாரி டயர்களை அடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். பெரிய உத்தியோகமில்லை. ஆனால் நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. குனிந்து குனிந்து மொக்கு பறித்தவனுக்கு அதன் அருமை தெரியும். அந்த வில்லையைத் தூங்கும்போதுகூட நான் கழற்றியதில்லை.

சேர்ந்த சில நாளிலேயே நைனா கிணற்று ஏற்றத்தில் இறைக்கும்போது தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டு வரவேண்டும். அம்மாவும் கூடப் போக வேண்டும். தோட்டத்துக்கு நான் ஒருத்தன்தான். மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் படுத்தபடி நைனா சொன்னார்: "பூ ஒரு நாள் வண்டி ஏறலைன்னாலும் டிப்போவை உட்டுடணும். இன்னா?"

"சரி நைனா" என்றேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. "வெளக்கு வெக்கிற நேரத்துல மட்டும் படுக்காதே. மூதேவி வந்து குந்திக்கும்" என்றாள்.

நான் படுக்க நினைத்திருந்ததே அந்த நேரத்தில்தான். டிப்போவில் ஒருத்தர் இருந்தார், முன்பு கப்பலில் கரி அள்ளியவர். "கப்பல்ல ராத்திரின்னு ஒண்ணு கெடையாது மச்சான். மணி அட்ச்சா படு, மணி அட்ச்சா எய்ந்திரி. தூக்கத்தைத் துண்டு துண்டா நறுக்கிக்கினா ரெண்டு ஆளு வேலை பார்க்கலாம்" என்பார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. தூக்கத்தை மூன்றாக நறுக்கினேன். டிப்போவிலிருந்து வந்ததும் பொழுது சாயுமுன் பெரிய துண்டு. பூவை ஏற்றிவிட்டு, டிப்போவுக்குப் புறப்படுமுன் ஒரு சின்னத் துண்டு. மத்தியானம் டயர் குவியலின் நிழலில் இன்னொன்று.

வீட்டில் கடிகாரம் கிடையாது. நல்ல காலமாக ரம்ஜான் மாதம் பிறந்திருந்தது. அடுத்த வீட்டு பாய் மெத்தை தைப்பவர். பகலெல்லாம் ஊரார் தூங்குவதற்குப் பஞ்சு அடிப்பார். நோன்பு மாதத்தில் தாயிரா என்கிற தோல்வளையத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி, விடியுமுன் சாப்பிடும் சஹருக்குச் சமைக்க அதே ஊராரை எழுப்புவார். அவர் எங்கள் வாசலைத் தாண்டும் நேரமும் மொக்கு பறிக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தன. "உனுக்கும் சேர்த்து அடிக்கிறேன் மாமே. நோம்பு மட்டும் வெக்க மாட்டே, அவ்ளோதானே" என்றார்.

உடம்பு சும்மா விடவில்லை. முதல் நாட்களில் சாயங்கால வெளிச்சத்தில் கண்ணை மூடினால் தூக்கம் வராது, எரிச்சல்தான் வரும். தெருவில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றும். தாயிராச் சத்தத்தில் எழுந்தால் நாக்கு கசக்கும். விடியுமுன் அகோரப் பசி; மத்தியானம் சோற்றைப் பார்த்தால் குமட்டும். வெயிலில் நிற்கும்போது குளிர் வந்து தோள் நடுங்கும். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், திரும்பினால் டயர்தான் இருக்கும். ஒருமுறை நின்றபடியே தூங்கிவிட்டேன். என் விரல்கள் காற்றில் மொக்கு பறித்துக்கொண்டிருந்தனவாம். கப்பல்காரர் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு மொழம் குடு" என்றார். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று அவரை அடிக்கப் போய்விட்டேன்.

பிறகு, எப்போது என்று தெரியாமல், உடம்பு வழிக்கு வந்தது. நடுக்கம் நின்றது. தாயிரா கேட்குமுன்பே கண் திறந்துகொள்ள ஆரம்பித்தது. முதலில் பயந்தேன், அப்புறம் அதுவே சுகமாகிவிட்டது. விழித்தபடி கிடப்பேன். தெருக்கோடியில் சத்தம் கிளம்பும். பள்ளிவாசல் பக்கம் போய்த் திரும்பி வரும். எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் எழுவேன். பாய் வருகிறவரை அந்தக் கொஞ்ச நேரம் யாருக்கும் பாக்கியில்லை, எனக்கே எனக்கு என்று ஒரு திமிர்.

மாதக் கடைசியில், பெருநாள் பிறை பார்க்கிற நாளில், வானம் மப்பாகக் கிடந்தது. "இன்னிக்கு எங்கே பொறை தெரியப் போவுது? நாளைக்கும் நோம்புதான்" என்று பாய் காலையில் சொல்லிவிட்டுப் போனார். நான் வழக்கம்போல் டிப்போவிலிருந்து வந்து, கஞ்சியைக் குடித்து, வெளிச்சம் இருக்கும்போதே கதவைச் சாத்திப் படுத்துவிட்டேன்.

கண் தன் நேரத்துக்குத் திறந்தது. சத்தத்துக்காகக் கிடந்தேன். வரவில்லை. சீக்கிரம் விழித்துவிட்டோம் போல, உடம்பு ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். புரண்டு படுத்தேன். எங்கோ ஒரு நாய் குரைத்தது. உள்ளுக்குள் ஏதோ "எழுந்திரு, எழுந்திரு" என்று பிறாண்டியது. கால் தானாகவே பாயை விட்டு இறங்கியது. நான்தான் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டேன். தாயிரா வரட்டும், என்ன அவசரம் என்றேன். தூங்கவில்லை. ஒரு நொடிகூடத் தூங்கவில்லை. விட்டத்தைப் பார்த்தபடியே கிடந்தேன். விட்டம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று உறைத்தபோதுதான் விடிந்துவிட்டது என்று புரிந்தது.

கைக்கு அகப்பட்டதைப் பறித்துக்கொண்டு ஓடினேன். குமணன்சாவடி முனையில் மாட்டுச் சாணம்தான் கிடந்தது.

திரும்பி வந்தபோது பாய் புதுச் சட்டையும் அத்தருமாக, சேமியாக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். "மேகம் வெலகி பொறை தெரிஞ்சிது மாமே. நோம்பு முடிஞ்சா தாயிரா ஏது? நேத்து வெளக்கு வெக்கிற நேரத்துலயே உன் ஊட்டு வாசல்ல நின்னு கூப்ட்டேன். தெருவே கூச்சல் போட்டுது. நீ கொறட்டை உட்டுக்கினு கெடந்தே" என்றார். அம்மாவின் மூதேவி சரியாக அந்த நேரத்தில்தான் வந்து உட்கார்ந்திருந்தாள். பாய் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது, சேமியாவையும் தின்றேன்.

அன்று சாயங்காலம் தோட்டம் முழுக்க மலர்ந்தது. ஒரு செடி பாக்கியில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. வாசனை ஆவடி ரோடுவரைக்கும் போனது. பாய் வீட்டுப் பெண்கள் வந்து மடியில் பறித்துப் போனார்கள். அழகாகத்தான் இருந்தது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நைனா வந்து இறங்கியதும் அதைத்தான் கேட்டார். "பூ நின்னுதா?"

"ஒரு நாள்" என்றேன். தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாரோ என்னவோ. நடந்ததைச் சொன்னேன். விழித்துக் கிடந்ததை, தாயிராவுக்குக் காத்திருந்ததை, உடம்பு எழுப்பியும் நம்பாமல் போனதை.

 அவர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அங்கேயும் அந்த நேரத்துக்கு எனக்கு முழிப்பு வந்துடும். தெனமும். கால்ல கட்டு, எய்ந்திரிக்க முடியாம கெடந்தேன்" என்றார். "உனுக்கு எதுல கட்டு?"

மறுநாள் டிப்போ வாசலில் வில்லையைக் கழற்றிக் கொடுத்தேன். கழுத்து வெறுமையாக இருந்தது. இனி ஒழுங்காக ஒரே தூக்கமாகத் தூங்கலாம் என்று இரவில் படுத்தேன். உடம்பு கேட்கவில்லை, அதன் நேரத்துக்குக் கண்ணைத் திறந்தது. தெருவில் சத்தமில்லை. உள்ளே கட்டிலில் நைனா விழித்துப் புரள்வது கேட்டது. கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.