வராத மதகு

2017 நவம்பரில் பினாங்கே வெள்ளத்தில் மூழ்கிய பிறகுதான் நிலானி வங்கி வேலையை விட்டுவிட்டு ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் சேர்ந்தாள். ஜார்ஜ்டவுனில் ஆற்றை ஒட்டிய தாழ்வான கம்பம், அதாவது மலாய்க் குடியிருப்பு, ஒன்றுக்கு வெள்ள மதகு கட்ட வெளிநாட்டு நிதியம் ஒன்றிடம் பணம் கேட்பது அவள் பொறுப்பு.

"புகை விட்டது பணக்கார நாடுங்க. தண்ணியில நிக்கிறது நாம. அவங்கதானே கொடுக்கணும்?" என்று அவள் சொன்னபோது கம்பமே தலையாட்டியது.

அதிகம் நம்பியவர், வீட்டு வாசலிலேயே மீ கோரெங் நூடுல்ஸ் கடை போட்டிருந்த இப்ராஹிம். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் அவருக்கு அரசு மலிவு விலை வீடு ஒதுக்கியபோது, போய்விடலாம் என்றாள் அவர் மனைவி சலேஹா. அவரோ நிலானியைத் தேடி வந்தார்.

"உண்மைய சொல்லும்மா. மதகு வருமா? வந்தா நான் ஏன் கடைய விட்டுட்டுப் பாலம் தாண்டிப் போகணும்?"

"வரும் அண்ணே. கொஞ்சம் பொறுங்க லா."

அவள் பொய் சொல்லவில்லை. நிதியத்து ஆட்கள் அப்போதுதான் வந்து ஆற்றைப் பார்த்து, நம்பிக்கையாகப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் பேச்சை நம்பி இப்ராஹிம் மறுத்துவிட, பத்து காவான் வீடு வேறு ஆளுக்குப் போனது.

பிறகு பதில் வந்தது. மலேசியா ஏழை நாடு இல்லையாம். மானியம் கிடையாது, வேண்டுமானால் கடன் தரலாமாம். அந்தக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ள இங்கே யாரும் முன்வரவில்லை. நிலானி வேறு நிதியங்களின் கதவைத் தட்டினாள். கம்பத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த ஆண்டு பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தன. மதியத் தொழுகை முடிந்து திரும்பிய இப்ராஹிம், முழங்கால் தண்ணீரில் ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கப் போனார். வேண்டாம் என்று சலேஹா கத்தினாள். மின்சாரம் தாக்கி அங்கேயே விழுந்தார்.

சில வாரங்களில் நிலானியை வெளிநாட்டுப் பருவநிலை மாநாட்டில் பேச அழைத்தார்கள். இறந்தவரின் படம் இருந்தால் நல்லது என்றார்கள். அவள் சலேஹாவிடம் போய், முதலில் நிதியம் கைவிரித்ததைச் சொன்னாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மழைக்கு முன்னாடியே, அக்கா."

சலேஹா சுவரில் இருந்த கணவர் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "போய்ப் பேசு. அவர் பேரைச் சொல்லாத. படத்தையும் காட்டாத. அவரை வெச்சுப் பிச்சை கேக்க வேணாம்."

மாநாட்டில் நிலானிக்கு மூன்றே நிமிடம் கொடுத்தார்கள். பெயரில்லாத ஒரு மனிதரின் சாவைச் சொன்னாள். கைதட்டினார்கள். பணக்கார நாடு ஒன்றின் பிரதிநிதி வருத்தம் தெரிவித்தார். விதிகளை மாற்றுவது தன் கையில் இல்லை என்றார். அடுத்தது மதிய உணவு.

ஊர் திரும்பியதும், தங்கை வீட்டுக்குப் போய்விட்ட சலேஹாவைப் பார்க்க பாகான் டாலாமுக்குப் போனாள்.

"தரமாட்டேன்னுட்டாங்க அக்கா."

"திரும்பக் கேப்பியா?"

"கேப்பேன்."

"கேளு. ஆனா கம்பத்துல மத்தவங்க இன்னும் நம்பிக்கிட்டு இருக்காங்க. முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

மறுநாள் நிலானி வீடு வீடாகப் போனாள். "மதகு வராது. வேற வீடு கெடச்சா போயிடுங்க" என்றாள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரு பெண் எங்கே போவது என்று கேட்டாள்.  நிலானி அடுத்த வீட்டுக்குப் போனாள்.