வியாகப்பன் சார் உட்கார்ந்த மறியல்

வியாகப்பனைப் போலீஸ் பிடித்தபோது அவருக்கு இருபது வயது. பையில் துண்டறிக்கைகள் ஒரு கட்டு இருந்தது. ராதாபுரம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்தவர், தலைமறைவுக் கட்சி ஒன்றில் சேர்ந்து, கூலி உயர்வு கேட்ட அறுவடை ஆட்களோடு ஒரு பண்ணையார் வயலில் சிவப்புக் கொடி நட்டுவிட்டார். இரண்டு வருஷம் சிறை.

உள்ளே பூதத்தான் என்ற கூலித் தொழிலாளி, மனைவிக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வாராவாரம் வருவார். ஒருநாள் வியாகப்பன் எழுத மறுத்து, எழுத்தைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். ஐந்து மாதம் கழித்துப் பூதத்தான் சொந்தக் கையால் நாலு வரி எழுதி அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் உதவியோடு மனைவியின் பதில் வந்தது: “கோழி கிளறினாப்பல இருக்கு. இனிமே நீங்களே எழுதுங்க.”

பூதத்தான் அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார். வியாகப்பன் எழுதிய துண்டறிக்கைகளுக்கு அதுவரை ஒருவர்கூடப் பதில் போட்டதில்லை. வாத்தியாராகிவிடுவது என்று அன்றே முடிவெடுத்தார்.

விடுதலையாகி, படிப்பை முடித்து, பேட்டை அருகே ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். தாளாளராக இருந்த பாதிரியார் கேட்டார்: “கோயிலுக்கு வருவீரா?”

“வருவேன் சாமி. ஆனா கேள்வி கேப்பேன்.”

“பூசை முடிஞ்ச பொறவு கேளும்.”

வேலை கிடைத்தது. முப்பது வருஷத்தில் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியரும் ஆனார்.

அப்போதுதான் மாணவிகளின் கழிப்பறையில் இரண்டு வாரமாகத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் பழுது. யார் கேட்டாலும், “பாக்கலாம்” என்றே சொல்லிவந்தார் வியாகப்பன். ஒரு காலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் இருந்த பிரேமலதாவின் அட்டையில் ‘தலமை ஆசிரியர் ஒழிக’ என்று இருந்தது.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, ‘தலமை’யைத் திருத்தப் போனார்.

“எழுத்தைப் பொறவு திருத்தலாம் சார். தண்ணி எப்ப வரும்?” என்றாள் பிரேமலதா.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. பேனாவை மூடினார். “நானும் ஒக்காருதேன்” என்று புழுதியில் அமர்ந்தார்.

சத்தம் கேட்டு வந்த புதிய தாளாளர் திகைத்துப்போனார். “என்ன சார், உமக்கு எதிரா நீரே மறியலா?”

“ஆமா சாமி. கோரிக்கை நியாயமா இருக்கு.”

தாளாளர் உடனே மெக்கானிக் முகம்மது மைதீனுக்குப் போன் போட்டார். மதியத்துக்குள் தண்ணீர் வந்தது. கிளம்பும்போது மைதீன் கேட்டார்: “சாருக்கு இப்படி ஒக்காந்து முன்னமே பழக்கம் உண்டோ?”

“பாளையங்கோட்டை ஜெயில்ல ரெண்டு வருசம் ஒக்காந்திருக்கேன்.”

பிள்ளைகள் அன்று வகுப்புக்குப் போகவில்லை. அந்தக் கதை முழுவதையும் கேட்ட பிறகுதான் எழுந்தார்கள்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு மாலையில் பாடம் எடுக்கிறார். வருகைப் பதிவேடு அவர்கள் கையில். தாமதமாக வந்தால் இவருக்கு ஆப்சென்ட் போடுகிறார்கள். போன மாதம் மட்டும் மூன்று.