கலை வார இறுதியில் ஒரு பெரட்டு வரிசை

2008ஆம் ஆண்டு போய் வந்த பயணம் இது. அப்போதே எழுதியிருக்கலாம், துணிவு வரவில்லை. இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. நுவரெலியாவில் மறுபடியும் கலை வார இறுதி வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு பேர் வழி கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறார்கள். வழியையும் சொல்கிறேன், வழியில் நடந்ததையும் சொல்கிறேன்.

நான் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி, பஸ்ஸில் யாராவது சத்தமாக இருமினாலே இறங்கிவிடலாமா என்று யோசிப்பவன். என் மனைவி சுகந்தி யாழ்ப்பாணத்துக்காரி, கொட்டகலையில் கணக்கு டீச்சர். அவளுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம்தான் இருந்தது. அந்த நாட்களில் அந்த விலாசத்தோடு வெளியே போவதென்றால் பொலிஸ் பதிவுத் துண்டும் பள்ளிக்கூடக் கடிதமும் கூடவே போக வேண்டும். இல்லாவிட்டால் விசாரணைக்கு என்று கூட்டிப் போவார்கள். எப்போது விடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பயத்தோடு ஏன் போனோம் என்றால், மோகனுக்காக. பொகவந்தலாவைக்காரன், என்னோடு படித்தவன், கொழும்பில் ஓவியம் கற்றவன். நகரம் முழுவதும் ஹோட்டல்களிலும் பழைய வீடுகளிலும் கண்காட்சி வைத்த அந்தச் சனி, ஞாயிறில், ஒரு பெரிய கலைக்கூடம் அவனுக்கு இடம் கொடுத்திருந்தது. “மச்சான், நீயும் டீச்சரும் வராட்டி நான் மூஞ்சில முழிக்க மாட்டேன்” என்று கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை கொட்டகலையில் ரயில் ஏறினோம். நானுஓயா போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஜன்னலோரம் கிடைத்தால் இடது வலது என்று பார்க்காமல் உட்காருங்கள், இரண்டு பக்கமும் அழகுதான். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஆட்டோவில் நானூறு ரூபாய் கேட்டார்கள். பஸ்ஸில் போனால் சில்லறைதான், ஆனால் அந்த வழியில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது, பஸ்ஸில் வந்த எல்லோரையும் இறக்குவார்கள். ஆட்டோவையே பிடித்தோம். ஆட்டோக்காரர் எங்களைக் கண்ணாடியில் பார்த்து, “டீச்சரம்மா எந்த ஊருங்க?” என்றார். “கொட்டகலைங்க” என்று அவளுக்கு முந்தி நான் சொன்னேன். அவள் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும்.

கலைக்கூடம் ஒரு பழைய துரை பங்களா. கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மையார் அதை வாங்கி நடத்தினார். வாசலில் ஒரு பெண் வருகிறவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஓர் அறை முழுக்கக் கூரையிலிருந்து தேயிலைக் கொழுந்துக் கூடைகள் தலைகீழாகத் தொங்கின. இன்னோர் அறையில் ஒன்றுமே இல்லை, வாடிய கொழுந்தின் வாசம் மட்டும். சுகந்தி அங்கே கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பின்பக்கம் பிள்ளைகள் களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள். தேநீர் ஒரு கோப்பை நூற்றைம்பது ரூபாய். எங்கள் ஆட்கள் பறித்த கொழுந்து எங்களுக்கே அந்த விலை! குடிக்காமல் வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மோகனுடைய நிகழ்ச்சி. பெயர், ‘பெரட்டு’. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. மோகன் தன் தோட்டத்து ஆட்கள் முப்பது பேரை பஸ் பிடித்துக் கூட்டி வந்திருந்தான். அவன் காக்கி உடுப்பில், வேலை வாங்குகிற தோட்டத்துக் கண்டாக்கு மாதிரி நின்று ஒலிபெருக்கியில் பேர் கூப்பிடுவான். அவர்கள் ஒவ்வொருவராக “வந்தாச்சுங்க” என்று சொல்லி வரிசையில் நிற்க வேண்டும். விரும்பினால் பார்வையாளர்களும் போய் நிற்கலாம். அவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் பேரைக் கூப்பிட்டான். ஓர் அக்கா வந்து நின்றார். “வந்தாச்சுங்க” சொல்லவில்லை. சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அடுத்தவரும் அப்படியே. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று யாரும் சொல்லாமலே பிரிந்தார்கள். தோட்டத்துப் பெரட்டில் யாரும் அட்டை கேட்பதில்லை. ஆனால் டவுனில், காக்கி உடுப்பில் ஒருவன் ஒலிபெருக்கியில் தமிழ்ப் பேரைக் கூப்பிட்டால் கை தானாக அட்டைக்குத்தான் போகும். மோகனின் முகம் வெளுத்துவிட்டது. கொழும்புப் பார்வையாளர்கள் அதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

“நடராஜா சுகந்தி!” என்றான் மோகன், நிறுத்தத் தெரியாமல், வாசலில் எழுதிய பேர்களைப் பார்த்து. நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் அவள் போய் வரிசையில் நின்று, அட்டையையும் தூக்கிப் பிடித்துவிட்டாள்.

அப்போதுதான் ரோட்டில் போன ஜீப் நின்றது. ஓர் அதிகாரியும் துப்பாக்கியோடு இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். தமிழ் ஆட்கள் வரிசையாக அட்டையோடு நிற்கிறார்கள். யார் நிறுத்தினார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஒரு முனையிலிருந்து அட்டைகளை வாங்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது, படமும் எடுத்தது.  பதிவுத் துண்டும் கடிதமும் அவளுடைய மற்றக் கைப்பையில், வீட்டில் இருந்தன; ரயில் ஏறிய பிறகுதான் கவனித்திருந்தோம்.

சுகந்தியிடம் வந்ததும் அவர் நின்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சிங்களத்தில், “யாழ்ப்பாணமா? இங்கே என்ன வேலை?” என்றார். அவள் கை நடுங்கியதை நான் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தேன். அவளிடம் ஓடிப்போக நினைத்தேன். போகவில்லை.

அம்மையார்தான் ஓடி வந்து, இது நாடகம், எல்லோரும் நடிகர்கள் என்று சொன்னார். அதிகாரி கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்தார், கொஞ்சம் வெட்கப்பட்டார். சுகந்தியிடம், “நீயும் இதில் நடிக்கிறாயா?” என்று கேட்டார். இல்லை என்றால் கூட்டிப் போவார். ஆம் என்றால் பொய். அவள் ஆம் என்று தலையாட்டினாள். “நல்லா நடுங்குகிறாய்” என்று சிரித்தவர், அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, “நாளைக்கும் உண்டா? வீட்டாரைக் கூட்டி வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று கொட்டகலை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். உறவுக்காரர் வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்ளலாம் என்றேன். “இலக்கம் அவரிட்ட இருக்கு. நான் வராட்டித்தான் சந்தேகப்படுவார். போவம்” என்றாள் சுகந்தி.

ஞாயிற்றுக்கிழமை துண்டையும் கடிதத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டோம், ஆனால் நடிக்கிறேன் என்று சொன்ன பொய்க்கு அவை உதவாது. தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மோகன் கண் சிவந்து போய் நின்றான்.

“டீச்சர், இன்னைக்கு யாரும் அட்டை எடுக்க வேணாம்னு சொல்லிட்டேங்க. நேத்து நான் செஞ்சது பெரிய பிழைங்க” என்றான்.

“இல்லைத் தம்பி. அவர் நேற்றுப் பாத்ததைத்தான் இண்டைக்கும் பாக்க வேணும். எல்லாரும் எடுக்கட்டும்.”

அதிகாரி சாதாரண உடுப்பில், மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேர் கூப்பிட்டதும் சுகந்தி போய் நின்று அட்டையைத் தூக்கினாள். கை ஆடாமல் நேராக நின்றது.  நடுங்கு, தயவுசெய்து நடுங்கு என்று உள்ளே கத்தினேன். அதிகாரி நெற்றியைச் சுருக்கி மனைவியிடம் ஏதோ சொன்னார். சுகந்தி ஒருதரம் அவரைப் பார்த்தாள். பிறகு அவளுடைய விரல்கள் நடுங்கத் தொடங்கின, பிறகு மணிக்கட்டு, பிறகு கை முழுவதும். பெண்பிள்ளைகள் இரண்டும் எழுந்து நின்று கைதட்டின.

இந்த முறை போகிறவர்களுக்கு: கம்பளிச் சட்டை கட்டாயம், மூன்று மணிக்கே பனி இறங்கிவிடும். தேநீரை பஸார் கடையில் குடியுங்கள். கூடை தொங்கும் அறையைக் காலையிலேயே பாருங்கள், கூட்டம் குறைவு. சோதனைச்சாவடி இப்போது இல்லை என்கிறார்கள், இருந்தாலும் அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், ஹட்டன் பஸ் கொட்டகலை வழியாகத்தான் போகிறது.

துண்டும் கடிதமும் கையில் இருந்ததால் நாங்களும் அந்த ஞாயிறு அந்த பஸ்ஸில்தான் வந்தோம். தலவாக்கலை தாண்டியும் அவள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“நல்லா நடிச்ச” என்றேன், சிரிக்க வைக்கலாம் என்று.

“முதல்ல நடிப்புத்தானப்பா” என்றாள் சுகந்தி. “பிறகு நிப்பாட்டப் பாத்தன், முடியேல்லை.”