தாகமில்லாத எட்டு எலிகள்

அந்த வரைபடத்தை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை. ஒரு தாள், அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைகள், இரண்டும் ஒரே உயரம். ஒன்று இரண்டு நாள் தண்ணீரே காட்டாத எட்டு எலிகளுக்கானது. மற்றது வேண்டிய மட்டும் தண்ணீர் வைத்த எட்டு எலிகளுக்கானது. முதல் பட்டை எகிறி நிற்க வேண்டும், இரண்டாவது தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். சமமாக நின்று தொலைத்தன. அன்று எனக்கு வந்த எரிச்சலில் ஒரு மனிதரின் வேலையே போயிற்று.

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விஷயம் பெரிய மந்திரமில்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பு ஏறும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு சின்ன உயிரணுக் கூட்டம் அதைக் கண்டுகொண்டு, ‘இருக்கிற தண்ணீரை விட்டுவிடாதே’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோனை அனுப்பும். கையிருப்பு தீரத் தீர, அந்த ஹார்மோனுக்கான மரபணு முடுக்கிவிடப்படும். எவ்வளவு முடுக்கம் என்று அளப்பதுதான் என் வேலை.

எலிக்கூண்டுகளைப் பராமரித்தவரை எல்லோரும் அண்ணன் என்போம். மர்பி டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடிவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு எலிகளைப் பார்க்க வந்துவிடுவார். பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியர். அப்பப்பா, அவரோடு மாரடிப்பது! நாற்பது பாட்டில் மாட்ட அரைமணி நேரம் ஆகும். ஒவ்வொன்றின் குழாய் நுனியையும் விரலால் சுண்டி, ஒரு சொட்டு விழுந்த பிறகே அடுத்ததற்குப் போவார். தண்ணீர் நிறுத்திய கூண்டுகளைக் கண்டால் புலம்பல் ஆரம்பித்துவிடும். “இன்னா மேடம், வாயில்லா ஜீவன். ஒரு வாய் தண்ணி குடுத்தா உங்க படிப்பு கெட்டுப்பூடுமா?”

கெட்டுத்தான் போகும் என்று எத்தனை தடவை சொல்வது? ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. “என் கூண்டுங்க பக்கமே வராதீங்கண்ணா, நானே பார்த்துக்கறேன்” என்று சொல்லி, தண்ணீர் வைக்க வேண்டிய எட்டு எலிகளுக்குப் புது மூடி போட்ட பாட்டில்களை மளமளவென்று மாட்டிவிட்டு அல்சூரில் இருந்த என் விடுதிக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பாட்டில்கள் எல்லாம் நிறைந்திருந்தன. வராதே என்றும் வந்து நிரப்பியிருக்கிறார் மனுஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அளந்து முடித்து அந்த வரைபடம் வந்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. பாவம் பார்த்து, தாகத்தில் விட்ட எலிகளுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டார். இல்லாவிட்டால் எப்படிச் சமமாகும்? எங்கள் பேராசிரியையிடம் நிறைந்த பாட்டில்களையும் சொன்னேன், புலம்பலையும் சொன்னேன். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் குடுக்கல மேடம்” என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, சத்தியம் செய்யவில்லை. அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

சோதனையை மறுபடி செய்தேன். இந்த முறை பட்டைகள் ஒழுங்காக வந்தன. இரண்டு வருஷம் கழித்து, ஆய்வேடு எழுதும்போதுதான் பழைய மூல எண்களையும் புதியவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரைபடத்தில், தண்ணீர் வைத்த கூட்டத்தின் அளவை ‘ஒன்று’ என்று கொண்டு மற்றதை அதோடு ஒப்பிடுவது எங்கள் வழக்கம். அந்த ஒன்று உண்மையில் எவ்வளவு என்று நான் பார்த்ததே இல்லை. அண்ணன் தண்ணீர் கொடுத்திருந்தால் இரண்டு கூட்டமும் தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டும் உச்சத்தில் இருந்தன. பதினாறு எலிகளும் தாகத்தில் கிடந்திருக்கின்றன! புது மூடிகளில் காற்று அடைத்து, குழாயில் தண்ணீரே இறங்காமல் இருந்திருக்கிறது. நான் ஒன்றைக்கூடச் சுண்டிப் பார்க்கவில்லை. பாட்டில்களை யாரும் வந்து நிரப்பவில்லை. அவை குறையவே இல்லை. அவர் நான் சொன்ன சொல்லைத் தட்டாமல் என் கூண்டுகள் பக்கம் வராமலே இருந்திருக்கிறார். அட மண்டூகமே, உனக்கு முனைவர் பட்டம் ஒரு கேடா?

விசாரித்துக்கொண்டு போனேன். ஜீவனஹள்ளியில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு இருந்தார். வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன், அழுதேன். பரவாயில்லை மேடம் என்பார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் முகம் சுளித்தார்.

“அந்த எட்டும் சும்மாவே காஞ்சி கெடந்துச்சா?” என்று முதலில் அதைக் கேட்டார். பிறகு, “இத என்னாண்ட எதுக்குச் சொல்றே? நான் குடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்களாண்ட போய்ச் சொல்லு” என்றார். மேடம் என்று ஒரு தடவைகூட வரவில்லை.

மறுநாளே பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். “இப்போ எதுக்கு அதெல்லாம்? மொதல்ல தீசிஸைக் கொடுக்கற வழியைப் பாரு” என்றார். கொடுத்தேன். பட்டமும் வந்தது. நூலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். முதல் சோதனையைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறது, பராமரிப்பு ஊழியரின் தவறால் கைவிடப்பட்டது என்று. அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் அந்த வரியை நான் எடுக்கவில்லை.