மீன்காரரின் கத்தி

சுனாமியில் கடலடித்த அடுத்த வருடம், எங்கள் தொலைபேசிக் கம்பனியின் கல்முனை வாடிக்கையாளர் பட்டியலைப் புதிய கணினிக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொருவராய்ச் சரிபார்க்கச் சோம்பல். எல்லோரையும் ஒரேயடியாக மாற்றிவிட்டேன். கடல் கொண்டுபோனவர்களுக்கும் கம்பனியின் பெருநாள் வாழ்த்துக் கடிதம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஒரு மீன்காரர் வந்தார். ஒரு சொல்லுக்கு ஒருமுறை கத்தியை இடுப்புச் சாறனில் துடைப்பவர்.

"மவுத்தான பொஞ்சாதிக்கு வாழ்த்தாடா? இன்னொரு கடுதாசி முகாமுக்குத் தேடி வந்தா உன்ட கழுத்து!"

கத்தி மேசையில் இறங்கியது. தொந்தியைத் தவிர மற்ற நான் முழுவதும் மேசைக்கடியில்.

"இப்பவே பேர அழிக்கிறன் காக்கா!" என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினேன்.

கத்தி மறுபடி இறங்கியது.

"அழிச்சாலும் வெட்டுவன். ஊட்டயும் கடல் கொண்டு போயிட்டு. அவட பேரு வேற எங்கடா இருக்கு?"

புதிய கணினியில் 'இருக்கிறார்', 'நீக்கப்பட்டார்' என்று இரண்டே கட்டங்கள். தலைமையகத்தோடு மல்லுக்கட்டி மூன்றாவதொன்று வாங்கினேன். அதற்கு என்ன பெயர் வைப்பதென்று இன்றும் தெரியவில்லை.